வலிக்காத இடம்

பஞ்சாலைக்குள் பீடி குடிக்க முடியாது. ஒரு பொறி விழுந்தால் போதும், மூட்டை மூட்டையாகப் பஞ்சு பற்றிக்கொள்ளும். அதனால் கேட்டிலேயே சட்டைப் பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். தீப்பெட்டியோடு பிடிபட்டவன் அன்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்களில் பெரும்பாலோர் புகையிலை போட்டதற்கு அதுதான் காரணம். எட்டு மணி நேரம் மிஷின் இரைச்சலில் நிற்கிறவனுக்கு வாயில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். பஞ்சுத் தூசி தொண்டையில் அடைத்துக்கொள்ளாமல் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும் என்றும் சொல்லிக்கொள்வோம். ஒரு துணுக்குப் புகையிலையைச் சுண்ணாம்போடு கசக்கி இடது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட்டால் சங்கு ஊதும்வரை அது அங்கேயே கிடக்கும். எனக்கு அது பதினெட்டு வயதில் வந்த பழக்கம். முப்பத்தைந்தைத் தாண்டியும் விடவில்லை.

எங்கள் வீடு ஒதியம்பட்டில் இருந்தது. நான் சைக்கிளில் வில்லியனூர் வந்து, அங்கே எனக்காகக் காத்திருக்கும் கூட்டாளியோடு சேர்ந்து டவுனில் இருந்த மில்லுக்குப் போவேன். அவனும் நானும் ஒரே ஷிப்ட், பக்கத்துப் பக்கத்து மிஷின். புகையிலைப் பொட்டலத்தை ஒரு நாள் அவன் வாங்கினால் மறுநாள் நான் வாங்குவேன். என் மனைவி எனக்கு அக்கா மகள். சிறு வயதிலிருந்து என்னை மாமா என்று கூப்பிட்டவள், கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே கூப்பிட்டாள். நடவும் களையெடுப்பும் இருக்கும் நாட்களில் வயல் வேலைக்குப் போவாள். மனதில் பட்டதை உடனே பேசிவிடுவாள்.

எழுபதுகளின் கடைசியில் அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் நோவு வந்தது. கிராம்பு வைத்துப் பார்த்தாள், உப்புத் தண்ணீரில் கொப்புளித்துப் பார்த்தாள். கன்னம் வீங்கி, சோறு மெல்ல முடியாமல் போன பிறகு, வில்லியனூரில் புதிதாக வந்திருந்த பல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். தேர் போகும் தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டின் முன்னறையில் அவர் நாற்காலி போட்டிருந்தார். அவரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு இருந்தது. பல்லைக் காட்டப் போனால் நாக்கை இழுத்துப் பார்க்கிறார், கழுத்தைத் தடவிப் பார்க்கிறார் என்று.

பேச்சு பொய்யில்லை. என் மனைவியை உட்காரவைத்து, விளக்கைத் திருப்பி, நோவு எடுக்கும் பல்லைப் பார்த்தார். அதோடு நிற்கவில்லை. உதட்டை வெளியே மடக்கிப் பார்த்தார். இரண்டு கன்னத்தையும் உள்பக்கமாக விலக்கிப் பார்த்தார். துணித் துண்டால் நாக்கு நுனியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தார். நாக்கை மேலே தூக்கச் சொல்லி அடியில் பார்த்தார். கடைசியாகத் தாடைக்குக் கீழே விரலால் அழுத்திக்கொண்டே போனார். இவ்வளவுக்கும் ஒரு குவளை டீ ஆறும் நேரம்கூட ஆகியிருக்காது.

"சீழ் வச்சிருக்கும்மா. மாத்திரை தர்றேன், வீக்கம் வடியட்டும். அப்புறமா எடுத்துடலாம்" என்றவர், கதவோரம் நின்றிருந்த என்னைப் பார்த்தார். "நீங்க புகையிலை போடுவீங்களா?"

வாயில் இருந்ததைக் கன்னத்தில் இன்னும் ஆழமாக ஒதுக்கிக்கொண்டு, "எப்பனா" என்றேன்.

"எப்பனாவா?" என் மனைவி வீங்கின கன்னத்தோடு திரும்பினாள். "தூங்கறப்ப மட்டும்தான் போடாது டாக்டரம்மா."

"வெளிய போய் வாயக் கொப்புளிச்சுட்டு வாங்க. நீங்களும் உக்காருங்க."

"எனக்குப் பல்லு நோவு இல்லீங்க."

"தெரியும். சும்மா பாக்குறேன்."

ஒரு பெண் என் நாக்கைப் பிடித்து இழுப்பதை நினைக்கவே கூச்சமாக இருந்தது. காத்திருந்த ஆட்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் உட்கார்ந்தேன், உட்காரவில்லை என்றால் வீட்டில் பேச்சு நீளும் என்பதால். டாக்டரம்மா வலது பக்கம் சீக்கிரம் முடித்தார். இடது கன்னத்தை விலக்கியதும் கை நின்றது. விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார். விரலால் ஓர் இடத்தைத் தொட்டு, "இங்க வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"எரிச்சல்? காரம் சாப்பிட்டா?"

"கொஞ்சம் எரியும். காரம்னா எரியத்தானே செய்யும்."

ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தினமும் சவரம் செய்கிறவன் நான். முகத்தை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். கன்னத்தின் உள்பக்கத்தை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். புகையிலை ஒதுக்கும் இடத்தில், பாலாடை ஒட்டியது போல வெள்ளையாக ஒரு திட்டு. அதன் நடுவில் கொஞ்சம் சிவப்பு.

"புகையிலையை இன்னியோட நிறுத்துங்க. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வாங்க. சில பேருக்கு நிறுத்தினா போயிடும். போகலன்னா சோதிச்சுப் பாக்கணும்."

"இன்னான்னு சோதிக்கணும்?" என்று என் மனைவி கேட்டாள்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "புத்துநோயா மாறுற திட்டு சிலது இருக்கு. எல்லாம் மாறாது. எது மாறும்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. அதனாலதான்."

வீடு திரும்பும்போது சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் வருவது எனக்குப் பழக்கமில்லை. பல் நோவால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

புகையிலையை நிறுத்துவது சொல்ல எளிது. முதல் நாலைந்து நாள் தலை கனத்தது, எரிச்சல் எரிச்சலாக வந்தது. மிஷினில் நூல் அறுந்தால் என்மேலேயே கோபம் வந்தது. கூட்டாளி பொட்டலத்தை நீட்டும்போது கை தானாகப் போய்விட்டுத் திரும்பியது. விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"நோவே இல்லாத வாயக் காட்டி நோவை வாங்கிக்கினு வந்திருக்கியே மச்சான். நம்ம மில்லுல எல்லாருக்கும் அப்படித்தான்டா வெளுத்துக் கெடக்கும்."

அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நான் கேட்க விரும்பியதும் அதுதான். கன்னத்தில் நாக்கை வைத்துத் தடவிப் பார்ப்பேன். சொரசொரப்பாக ஒன்று தட்டுப்படும். முன்பே இருந்ததா, இப்போதுதான் தெரிகிறதா என்று சொல்ல முடியவில்லை. வலி மட்டும் இல்லை. வலி இல்லாததையே பிடித்துக்கொண்டு தைரியமாக இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஷிப்ட் முடிந்து வரும் வழியில் நான் மட்டும் போனபோது திட்டின் ஓரங்கள் மெலிந்திருந்தன. நடுவில் இருந்த சிவப்பு அப்படியே இருந்தது. டாக்டரம்மா டவுனில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, லீவு கிடைக்கட்டும், அறுப்பு முடியட்டும் என்று நாளைத் தள்ளினேன்.

ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பச் சைக்கிளை எடுத்தேன். என் மனைவி புடவை மாற்றிக்கொண்டு வந்து கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னாமே?"

"ஆஸ்பத்திரிக்கு."

"எனக்கு ஷிப்ட் இருக்குது."

"ஷிப்டுக்குப் போறதுன்னா என்னையும் இட்டுக்கினு போ மாமா. கேட்டாண்ட குந்திக்கினு இருக்கேன். நான் எறங்கப் போறதில்ல."

அவள் இறங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். வில்லியனூரில் கூட்டாளியிடம் சொல்லி அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன்.

அங்கே கன்னத்தை மரக்கவைத்து ஒரு மிளகு அளவு சதையை வெட்டி எடுத்தார்கள். முடிவு தெரிய நாளாகும், பிறகு வாருங்கள் என்றார்கள். திரும்பவும் போன அன்று, நீண்ட பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் மடுகரையிலிருந்து வந்த ஒரு விவசாயி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். முகத்தின் கீழ்ப்பாதியைத் துண்டால் சுற்றியிருந்தார். துண்டுக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. கூட வந்திருந்த மகள் ஒரு சொம்பும் கந்தைத் துணியும் வைத்துக்கொண்டு, அவ்வப்போது துண்டுக்குள் கைவிட்டுத் துடைத்துவிட்டாள். நாற்றம் வந்தது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தார்.

மகள்தான் பேச்சைத் தொடங்கினாள். "உங்களுக்கு எங்கங்க?"

நான் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். "ஒண்ணும் இல்லம்மா. நோவுகூட இல்ல. டாக்டரம்மா ஒருத்தங்க பாத்துட்டு வரச் சொன்னாங்க."

அந்தப் பெரியவர் என் பக்கம் திரும்பினார். துண்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். வார்த்தை உருவாகவில்லை. மறுபடி சொன்னார். மகள் குனிந்து கேட்டுவிட்டு எங்களிடம் சொன்னாள்.

"அப்பாவுக்கும் மொதல்ல நோவே இல்லயாம்."

பயமுறுத்தும் எண்ணம் அந்தக் கண்ணில் இல்லை. தனக்குத் தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். என் கூட்டாளியின் சிரிப்பும், நான் இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்த தைரியமும் அந்த இடத்திலேயே என்னை விட்டுப் போயின. என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பொது இடத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

எங்களைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்த டாக்டர் வயதானவர், மெதுவாகப் பேசினார். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம் என்றார். கழுத்துக்குப் பரவவில்லை, மேலாகத்தான் இருக்கிறது, வெட்டி எடுத்துவிட்டால் போதும், கரண்டு வைக்கும் வேலைகூட, அதாவது கதிர் பாய்ச்சுவதுகூட, இருக்காது என்றார். "யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். வில்லியனூர் டாக்டரம்மாவைச் சொன்னேன். "எதுக்காகப் போனீங்க?" என்றார்.

"அவளுக்குப் பல்லு நோவுங்க" என்று என் மனைவியைக் காட்டினேன்.

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். "நல்ல நேரத்துல வந்துச்சும்மா உன் பல்லு நோவு" என்றார்.

ஆபரேஷன் நடந்தது. கன்னத்தின் உள்பக்கத்தை எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோலை எடுத்து அங்கே வைத்துத் தைத்தார்கள். சில நாட்கள் மூக்கில் விட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சி. குழாயை எடுத்த பிறகு என் மனைவி கேழ்வரகுக் கூழைத் துணியில் வடிகட்டி, கட்டியில்லாமல் ஸ்பூனால் ஊட்டினாள். பக்கத்துக் கட்டில்காரரிடம், "எங்க மாமாவுக்குத் தொடை வாயில இருக்குது. இனிமே எதுனா பேசுனா நடந்துக்கினே பேசும்" என்றாள். சிரித்தால் தையல் இழுக்கும் என்று தெரிந்துதான் அவள் அப்படி எதையாவது சொல்வாள் என்று எனக்குச் சந்தேகம்.

மடுகரைக்காரரை அந்த வார்டில் தேடினேன். ஆண்கள் பக்கம் அவர் இல்லை. ஆபரேஷன் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டதாக நர்ஸ் ஒருவர் சொன்னார். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

தையல் ஆறியதும் இன்னொரு தொல்லை வந்தது. வைத்துத் தைத்த தோல் சுருங்கி, வாய் திறக்கவில்லை. ஒரு விரல்தான் உள்ளே போனது. தட்டையான மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் செருகிப் பழக வேண்டும், சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஊருக்கு ஐஸ் பெட்டியோடு வருகிறவரிடம் என் மனைவி பேசி, பயன்படுத்தாத ஐஸ் குச்சிகளை ஒரு கட்டு வாங்கினாள். வெந்நீரில் போட்டு எடுத்து வெயிலில் காயவைத்தாள். சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து வாயில் குச்சி அடுக்கிக்கொண்டு கண்ணில் நீர் வழிய இருப்பேன். தெருவில் போகிறவர்கள் முதலில் நின்று பார்த்தார்கள். பிறகு, "இன்னிக்கு எத்தினி குச்சிபா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்று விரல் போகும் அளவுக்கு வாய் திறந்த பிறகு, டாக்டரம்மாவிடம் காட்ட வில்லியனூர் போனோம். அவர் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு என் மனைவியிடம், "உங்க பல்லு என்னாச்சும்மா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது. அந்தப் பல் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாட்களிலும், வார்டில் என் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த நாட்களிலும், கூழ் வடிகட்டின நாட்களிலும் அவள் மாத்திரை போட்டும் கிராம்பு வைத்தும் அதை அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"ஏன் சொல்லல நீ?" என்றேன். என் பேச்சு அப்போது குழறலாகத்தான் வரும்.

"நோவுற பல்லு எங்க போயிடும்? அது கூப்புட்டுக்கினே இருக்கும். நோவாத உன் வாய்க்குத்தான் ஆளு வேண்டியிருந்துச்சு" என்றாள்.

அன்றைக்கே அதை எடுத்தார்கள். இந்தத் தடவை நான் கதவோரம் நிற்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன்.

மில்லுக்குத் திரும்பிப் போனேன். 'ழ' சரியாக வரவில்லை, விசில் அடிக்க முடியவில்லை, இடது பக்கத்தில் மென்றால் சோறு கன்னத்தில் ஒதுங்கி நின்றுவிடும். மீன் குழம்பு வெகு நாளைக்கு எரிந்தது. வேலையில் ஒரு குறையும் இல்லை. மிஷின் இரைச்சலில் யாரும் யார் பேச்சையும் கேட்பதில்லை, சைகைதான்.

கூட்டாளி என்னைப் பார்த்த முதல் நாள் கண் கலங்கினான். ஆனால் புகையிலையை விடவில்லை. எனக்கு எதிரில் போடாமல் அந்தப் பக்கம் திரும்பிப் போட்டுக்கொண்டான். நானும் அவனை வற்புறுத்தவில்லை. ஒரு தடவை கேட்டேன், வந்து காட்டு என்று. "எனக்கு ஒண்ணுமில்லடா" என்றான். அந்தப் பதிலை நானே சொல்லியிருக்கிறேன்.

எனக்கு ஆரம்பத்தில் மாதம் ஒரு முறையும், பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறையும் டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டியிருந்தது. ஷிப்ட் முடிந்து வரும் வழிதான் என்பதால் கூட்டாளியும் கூடவே வருவான். நான் உள்ளே போவேன், அவன் எதிரில் இருக்கும் டீக்கடையில் நிற்பான். ஒரு ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. டீக்கடைக் கீற்று ஒழுகியது. அவன் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். வாயில் இருந்ததை வெளியிலேயே துப்பிவிட்டு வந்திருந்தான். டாக்டரம்மா அவனை ஒன்றும் கேட்கவில்லை.

என்னைப் பார்த்து முடித்தார். நாக்கின் அடி, அண்ணம், தாடைக்குக் கீழே, எல்லாம். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, "சுத்தமா இருக்கு. தைரியமா போயிட்டு வாங்க" என்றார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து துண்டை எடுத்துக்கொண்டேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா?"

"இல்ல... இத்தினி வருஷத்துல எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்ல மச்சான்." பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு, "எனக்கும் பாக்குறீங்களாம்மா?" என்றான்.

அவர் விளக்கைத் திரும்பப் போட்டார். அவனுக்கு வலது கன்னத்தில் வெள்ளைத் திட்டு இருந்தது. சிவப்பு இல்லை. சுத்தமா இருக்கு என்று அவன் கேட்க வந்த வார்த்தை அன்றைக்கு அவனுக்குக் கிடைக்கவில்லை. புகையிலையை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்து வரும்படி, முதல் தடவை எனக்குச் சொன்னதையே அவனுக்கும் சொன்னார். அவன் என்னைப் போல நாளைத் தள்ளவில்லை. சொன்ன நாளில் போனான், பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்க்கச் சொன்னபோது அதற்கும் போனான். நான்தான் கூடப் போனேன். அதே நீண்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டுவைத்தால் ஆகலாம் என்று சொன்னார்கள்.

புகையிலையை விட அவன் பட்ட பாடு என்னைவிட அதிகம். பொட்டுக்கடலையைப் பையில் போட்டுக்கொண்டு ஷிப்ட் முழுக்கக் கொறித்தான். இரண்டு தடவை திரும்ப ஆரம்பித்தான், இரண்டு தடவையும் எனக்குத் தெரியாமல் அல்ல, என்னிடம் சொல்லிவிட்டே ஆரம்பித்தான். மூன்றாவது தடவை விட்டது விட்டதுதான். திட்டு கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. முழுக்கப் போகவில்லை. அதனால் அவனும் என்னைப் போலவே காட்டிக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிட்டது.

அவன் மனைவியும் வெற்றிலை, புகையிலை போடுகிறவள். அவளை என் மனைவி அழைத்து வந்தாள். எப்படிப் பேசி அழைத்து வந்தாள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. எண்பதுகளில் ஆறு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் அந்த முன்னறைப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். பல் நோவோடு வந்தவர்கள், ஒரு நோவும் இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும் எங்களை விசித்திரமாகப் பார்ப்பார்கள். "உங்களுக்கு எந்தப் பல்லு?" என்று யாராவது கேட்பார்கள். பல் இல்லை, வாயைக் காட்ட வந்தோம் என்று என் மனைவி சொல்வாள். எதற்கு என்று அடுத்துக் கேட்பார்கள். அதற்கு அவள் விலாவாரியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள், உள்ளேயிருந்து எங்களில் ஒருவரைக் கூப்பிடும்வரை.